இட்லித் தட்டும் பால்வெட்டுக் கத்தியும்

கதை சொல்லுகிறவர்கள் எக்காலத்திலும் அன்றாட வேலைகளைத் தாண்டிப் போய்விடவே விரும்பியிருக்கிறார்கள். காவிய நாயகன் காடு புகுவான், கடல் கடப்பான், பிரிவினால் மெலிவான். ஆனால் அவன் உண்ட கலத்தைக் கழுவியவர் யார், அவன் உடுத்த வஸ்திரத்தைத் துவைத்து உலர்த்தியவர் யார் என்று கவி பெரும்பாலும் சொல்வதில்லை. நாவலாசிரியர் 'மறுநாள் காலை' என்று இரண்டு சொற்களை எழுதி, ஓர் இரவும் ஒரு விடியலும் கேட்கும் அத்தனை காரியங்களையும் கடந்துவிடுகிறார். இந்தச் சிக்கனம் நியாயமானதே. ஆயினும், கதையை ஆதாரமாகக் கொண்ட வீடியோ கேம்கள் வளர்ந்து வந்திருக்கும் இந்தக் கால் நூற்றாண்டில், அதற்கு நேர்மாறான ஒரு வழக்கம் வேரூன்றியிருப்பதைக் காண்கிறோம். மேஜையில் தட்டு வைப்பது, பெட்டியைப் பிரித்துச் சாமான் அடுக்குவது, பிள்ளையைத் தூங்க வைப்பது, மாவு ஊற்றி இட்லி அவிப்பது முதலான காரியங்களை ஆடுபவரே தம் விரல்களால் செய்தாக வேண்டும் என்று இந்த ஆட்டங்கள் வற்புறுத்துகின்றன.

பகலெல்லாம் உழைத்துக் களைத்து வந்தவர் விளையாட்டிலும் வேலையா செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. எளிதில் தள்ளிவிடத்தக்க கேள்வியன்று அது. டச்சு அறிஞர் ஹுய்சிங்கா, விளையாட்டைப் பற்றி 1938இல் வெளியிட்ட தமது புகழ்பெற்ற நூலில், அன்றாட வாழ்க்கைக்கு வெளியே, தனக்கென ஓர் இடமும் காலமும் வகுத்துக்கொண்டு நிகழ்வதே விளையாட்டின் லட்சணம் என்றார். அந்த இலக்கணத்தின்படி பார்த்தால், வீட்டு வேலையை விளையாட்டுக்குள் கொண்டுவருவது விளையாட்டின் சுபாவத்துக்கே விரோதம். ஆனால் தமிழ்க் குழந்தைகளின் ஆதி விளையாட்டு எதுவென்று எண்ணிப் பார்ப்போமானால் இந்த இலக்கணம் சற்றே தளர்ந்து போகிறது. மணலில் சிற்றில் இழைப்பதும், அதில் சிறுசோறு அடுவதும், அதைப் பொய்யாகவே பரிமாறி உண்பதும் சங்க காலம் தொட்டு நம் பெண்குழந்தைகளின் விளையாட்டாக இருந்து வந்திருக்கின்றன. சிற்றிலைச் சிதைக்க வரும் கண்ணனிடம் மன்றாடுவதற்கென்றே ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் ஒரு பத்தை ஒதுக்கினாள். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் அதைத் தனிப் பருவமாகவே வகுத்தார்கள். சொப்புச் சாமான் வைத்துச் சமைக்கும் சிறுமிக்கு வேலையும் விளையாட்டும் இரண்டல்ல. பெரியவர்களின் காரியத்தைத் தன் கையால் செய்து பார்ப்பதன் வாயிலாகவே அவள் பெரியவர்களின் உள்ளத்துக்குள் பிரவேசிக்கிறாள். நாம் ஆராய வந்த ஆட்டங்களின் உயிர்நிலையும் இதுவே என்பது என் அபிப்பிராயம்.

1999ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் வெளியான 'ஷென்மூ' என்னும் ஆட்டத்திலிருந்து இந்த வரலாற்றைத் தொடங்கலாம். யோகோசுகா நகரத்து இளைஞன் ஒருவன் தன் தகப்பனைக் கொன்றவனைத் தேடிப் பழி தீர்க்கப் புறப்படுகிறான், கதைப்பொருள் வீரசாகசம். ஆனால் அந்தத் தேடலின் நடுவில் அவன் துறைமுகத்தில் போர்க்லிஃப்ட் ஓட்டும் வேலையில் சேருகிறான்; ஆடுபவரும் தினந்தோறும் நேரத்துக்குப் போய், பண்டகசாலைக்குப் பண்டகசாலை பெட்டிகளை எடுத்து வைத்து, அன்றைய கூலியை வாங்க வேண்டியிருக்கிறது. இரவானால் வீடு திரும்ப வேண்டும். இதைச் சலிப்பு என்று வெறுத்தவர்களும் உண்டு, அதற்காகவே அந்த ஆட்டத்தைக் கொண்டாடியவர்களும் உண்டு. பழிவாங்கும் தீயை நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்கும் மனிதனும் சாப்பாட்டுக்குச் சம்பாதிக்கத்தான் வேண்டும் என்ற உண்மையைச் சினிமா ஒரு காட்சியில் தெரிவித்துவிட்டு நகர்ந்துவிடும். ஷென்மூ அதை நாட்கணக்கில் நம் கையில் கொடுத்து வைத்தது.

பத்தாண்டுகளுக்குப் பின், 2010இல் பிரெஞ்சு நாட்டார் செய்த 'ஹெவி ரெயின்' இதை இன்னும் நுட்பமாகக் கையாண்டது. ஆட்டம் தொடங்கும்போது ஈதன் என்ற குடும்பஸ்தன் காலையில் எழுகிறான். குளிக்கிறான், முகம் மழிக்கிறான், மனைவிக்கு உதவியாக மேஜையில் தட்டுகளை வைக்கிறான். தட்டை மெல்ல வைக்க வேண்டும். அதற்கேற்ப ஆடுபவரும் கண்ட்ரோலரில் தம் விரலை மெல்லவே நகர்த்த வேண்டும். வெயில் நிறைந்த வீடு, சிரிக்கும் குழந்தைகள். ஆடுபவருக்கு இதெல்லாம் ஏன் என்று தோன்றும். பிறகு அவனுடைய மூத்த மகன் விபத்தில் இறந்துபோகிறான், குடும்பம் சிதறுகிறது. அடுத்து வரும் ஓர் அத்தியாயத்தில் மழை பெய்யும் ஒரு மாலையில், இருண்ட வேறொரு வீட்டில், எஞ்சிய இளைய மகனுக்குத் தின்பண்டம் கொடுத்து, பள்ளிப் பாடம் எழுத வைத்து, இரவுச் சாப்பாடு போட்டு, தூங்க வைக்க வேண்டியிருக்கிறது. முன்பு செய்ததைப் போன்ற எளிய வீட்டுக் காரியங்களே இவையும். ஆனால் மகன் பேச மறுக்கிறான். துக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை வசனம் இல்லாமல், முதல் வீட்டின் பழக்கத்தை விரல்களில் வைத்துக்கொண்டிருக்கும் ஆடுபவர் இரண்டாம் வீட்டின் வெறுமையை அறிகிறார். அந்த ஆட்டத்தின் துப்பறியும் கதையில் குறைகள் பல உண்டு. இந்த இரண்டு அத்தியாயங்கள் மட்டும் நெடுங்காலம் நிற்கும்.

இவற்றை எல்லா ஆட்டங்களிலும் காணப்படும் எடுபிடி வேலைகளோடு குழப்பிக்கொள்ளலாகாது. பத்து மூலிகை பறித்து வா, இருபது ஓநாயைக் கொன்று வா என்று ஆடுபவரை அலைய வைப்பது ஆட்டத்தின் நீளத்தைப் பெருக்கும் உபாயம். அதில் கதாபாத்திரத்தின் உள்ளம் சம்பந்தப்படுவதில்லை. வேலை கதையாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: செய்கிற காரியத்தின் எளிமையோ கடினமோ, அதைச் செய்கிறவருடைய வாழ்நிலையிலிருந்தே பிறக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் உருவாகி 2021இல் வெளிவந்த 'அன்பேக்கிங்' ஆட்டத்தில் ஒரு மனித உருவம்கூடத் திரையில் தோன்றுவதில்லை. 1997 தொடங்கி ஒரு பெண் வீடு மாறும் ஒவ்வொரு முறையும் அவளுடைய அட்டைப் பெட்டிகளைப் பிரித்துச் சாமான்களை அடுக்குவதே நம் வேலை. காதலனுடைய வீட்டுக்கு அவள் குடிபோகும் கட்டத்தில், அவள் அரும்பாடுபட்டுப் பெற்ற பட்டச் சான்றிதழை மாட்டச் சுவரில் இடமே அமைவதில்லை. எங்கெங்கோ வைத்துப் பார்த்த பிறகு, கட்டிலுக்கு அடியில் தள்ளினால்தான் ஆட்டம் அதை ஏற்றுக்கொள்கிறது. அந்த உறவு நிலைக்காது என்பது அக்கணமே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த மரபில் தமிழுக்குரிய பங்கு 2023 ஜூலை 31ஆம் தேதி வந்து சேர்ந்தது. டொரொண்டோ நகரத்துச் சிறு குழுவினரான விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா' என்னும் ஆட்டம், 1980களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் என்னும் தம்பதியரின் கதையையும், அவர்கள் மகன் கவினின் கதையையும் சொல்லுகிறது. 2024இல் சுயாதீன ஆட்டங்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் தலையாய பரிசும், அறிமுக ஆட்டத்துக்கான பிரிட்டிஷ் பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தன. துப்பாக்கி இல்லை, பந்தயம் இல்லை. ஆடுபவர் செய்ய வேண்டிய பிரதான காரியம் சமையல்.

முதல் அத்தியாயத்தின் இட்லியை மட்டும் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். வெண்பாவுக்கு உடம்பு சரியில்லை; வந்த ஊரிலேயே தங்குவதா, நாடு திரும்புவதா என்று தம்பதியருக்குத் தெளிவில்லை; வேலைக்குப் புறப்படும் கணவனுக்கு எதையாவது கட்டிக் கொடுத்தாக வேண்டும். தாயார் கொடுத்தனுப்பிய சமையற் குறிப்புப் புத்தகம் பழுதாகியிருக்கிறது; இட்லித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக எப்படி வைப்பது என்ற இடத்தில் குறிப்பு முழுமையாக இல்லை. அடுத்த தட்டின் குழி கீழ்த் தட்டின் இட்லிமேல் உட்காரும்படி வைத்தால் இட்லி நசுங்கும், ஆவியும் ஏறாது. மேல் தட்டைத் திருப்பி, கீழே இருக்கும் இட்லிக்கு நேர் மேலே துளைகள் வரும்படி மாற்றி அடுக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்களுக்கு இது யாரும் சொல்லிக் கொடுக்காமலே கை அறிந்த சங்கதி. பாட்டி செய்வதைப் பார்த்து அம்மா செய்வாள், அம்மா செய்வதைப் பார்த்து மகள் செய்வாள். புத்தகத்தில் எழுத வேண்டிய அவசியமே ஏற்பட்டதில்லை. அந்தச் சங்கிலி அறுந்துபோன தேசத்தில், தாய் எழுதியனுப்பிய அரைகுறைக் காகிதத்தின் இடைவெளிகளைத் தன் யூகத்தால் நிரப்பிக்கொள்ள வேண்டிய நிலையில் ஒரு பெண் நிற்கிறாள்; ஆடுபவரும் அவளோடு நின்று தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். புலம்பெயர்தலைப் பற்றி எத்தனையோ நாவல்கள் பக்கம் பக்கமாக எழுதிச் சொல்ல முயன்ற தனிமை, இங்கே ஓர் இட்லித் தட்டின் துளைக்குள் அடங்கிவிடுகிறது.

பின்னொரு கட்டத்தில் வளர்ந்துவிட்ட கவின், அதே புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே சமைக்க முற்படுகிறான். தமிழ் எழுத்து அவனுக்குச் சரளமாகப் படிக்க வராததால், தாய்க்குக் கறையும் கிழிசலும் மறைத்ததை மகனுக்கு மொழியே மறைக்கிறது. ஒரே வேலையை இரு தலைமுறையின் கைகளில் மாற்றி வைத்து இரண்டு வகை இழப்பைக் காட்டும் இந்த அமைப்பைக் காணும்போது, குறுந்தொகையில் கூடலூர் கிழார் தீட்டிய சித்திரம் நினைவுக்கு வராமற் போகாது. புது மணப்பெண் தயிர் பிசைந்த கையைக் கழுவவும் நேரமின்றி ஆடையைத் திருத்திக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, கணவனுக்காகப் புளிக்குழம்பு சமைக்கும் அந்தப் பாட்டில், இல்லறத்தின் மகிழ்ச்சி முழுவதையும் ஓர் அடுப்படி வேலை தாங்கி நிற்கிறது. காவியம் தள்ளிவிட்ட அடுக்களையை அகப்பாட்டு அன்றே எடுத்துக்கொண்டது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள அந்த அடுக்களையின் வாசலில்தான் கனடாவிலிருந்து வந்த இந்த ஆட்டமும் நிற்கிறது என்று சொல்வது மிகையாகாது.

ஆயினும் வெண்பாவில் ஒரு குறையை நான் உணர்கிறேன். அதில் ஒவ்வொரு பண்டத்தையும் ஒரு முறைதான் சமைக்கிறோம். புதிரை அவிழ்த்த திருப்தியோடு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறோம். ஆயிரமாவது இட்லியின் அலுப்பை அது நமக்குத் தருவதில்லை. அன்றாட வேலையின் சாரம் அது திரும்பத் திரும்ப வருவதில் இருக்கிறது. இந்த மறுநிகழ்வைத் தைரியமாக எடுத்துக்கொண்ட ஆட்டங்கள் சில உண்டு. 2013இல் லூகாஸ் போப் தனியாகவே உருவாக்கிய 'பேப்பர்ஸ், ப்ளீஸ்', கற்பனையான ஒரு சர்வாதிகார நாட்டின் எல்லைச்சாவடியில் கடவுச்சீட்டுச் சரிபார்க்கும் குமாஸ்தாவாக நம்மை உட்கார வைக்கிறது. எத்தனை பேரைச் சரியாகச் சோதித்தோமோ அத்தனைக்கே கூலி. மாலையில் வாடகை, உணவு, கணப்பு, மருந்து ஆகியவற்றுக்கு அந்தக் கூலி போதாமல், எதை நிறுத்துவது என்று குடும்பத்துக்காக நாமே தீர்மானிக்க வேண்டும்.

இதனினும் ஆழமானது 2017இல் வந்த 'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்' ஆட்டத்தின் ஒரு பகுதி. லூயிஸ் என்ற இளைஞன் மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்கிறான். ஆடுபவரின் வலக்கை ஒவ்வொரு மீனாக எடுத்து, கத்திக்கு அடியில் கொடுத்து, தலை துண்டானதும் அப்பால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதே சமயம் இடக்கையால், லூயிஸின் மனத்தில் விரியும் கற்பனை ராஜ்யத்தில் ஒரு வீரனை நடத்திச் செல்ல வேண்டும். முதலில் அந்தக் கற்பனை திரையின் ஒரு மூலையில் சிறிதாகத் தொடங்குகிறது. வளர்ந்து வளர்ந்து ஆலையையே மறைத்துவிடுகிறது. வலக்கையோ கண்ணுக்குத் தெரியாத மீனைத் தன் பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருக்கிறது. யந்திரத்தனமான வேலை ஒரு மனிதனின் உடலை எடுத்துக்கொண்டு உள்ளத்தை வேறெங்கோ விரட்டிவிடுவதை, அவனுடைய சோகமான முடிவு நேருமுன்பே ஆடுபவர் தம் இரண்டு கைகளிலும் பிரத்தியட்சமாக உணர்கிறார்.

மலேசியாவின் பந்திங்கில் வாழும் எனக்கு இந்தப் பகுதி எழுப்பும் எண்ணம் ஒன்றுண்டு. லங்காட் ஆற்றின் இருகரையிலும், கேரித் தீவிலும், மோரிப் போகும் வழியிலும் பல தலைமுறைத் தமிழர் வாழ்ந்து உழைத்த ரப்பர்த் தோட்டங்களின் வாழ்க்கை, இதைவிட நீண்ட மறுநிகழ்வால் ஆனது. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, தமக்கென்று ஒதுக்கிய நிரையில் நானூறு ஐந்நூறு மரங்களுக்குப் பால் வெட்டி, பால் வடிந்தபின் மீண்டும் மரம் மரமாகப் போய் மங்கில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றி, தோளில் கம்பு வைத்துத் தூக்கி வந்து நிறுத்துக் கொடுத்து, மறுநாளும் அதையே செய்த பெண்களின் வரலாறு, எண்ணிக்கையாகவும் அறிக்கையாகவும்தான் ஆவணங்களில் கிடைக்கிறது. அகிலன் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். நம் வட்டாரத்தையே பின்னணியாக்கி அ. ரெங்கசாமி 'லங்காட் நதிக்கரை' படைத்தார். அந்த நாவல்கள் கதையைச் சொல்லின; கையின் அறிவை ஓரளவுக்குமேல் சொல்ல எழுத்தால் இயலாது. ஆட்டத்தால் இயலும்.

ஓர் உதாரணம் தருகிறேன். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் தமிழ்த் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் மலேசியத் தொழிலாளர் வரலாற்றில் பெரிய சம்பவம். நாதன் கைதானார், ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கூலி உயர்வு, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவற்றோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரையோ தோட்ட அதிகாரிகளோ எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கியாக வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்க வேண்டும் என்பது. பாடப்புத்தகத்தில் இதைப் படிக்கும் மாணவனுக்கு இது பட்டியலில் ஒரு வரி. சைக்கிளில் வேலைக்குப் போவதை ஆடுபவரின் அன்றாடக் காரியமாக வைத்த ஓர் ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். காலையிலும் மாலையிலும் அந்தச் செம்மண் பாதையில் மிதிக்க வேண்டும். மேட்டில் ஏறும்போதுதான் துரையின் வண்டி எதிரே வரும். ஏறிய வேகம் போய்விடும் என்று தெரிந்தும் பொத்தானை அழுத்தி இறங்கி நிற்க வேண்டும். வண்டி போன பிறகு மேட்டின் நடுவிலிருந்து மறுபடியும் மிதிக்க வேண்டும். பத்து நாள் இப்படிச் செய்த விரலுக்கு, அந்தக் கோரிக்கை கூலி உயர்வுக்குச் சமமாக ஏன் வைக்கப்பட்டது என்பதை யாரும் விளக்க வேண்டியிராது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. 2016இல் வெளியாகிப் பெரும் புகழ் பெற்ற 'ஸ்டார்டியூ வேலி' போன்ற ஆட்டங்கள் உழுவதையும் நீர் பாய்ச்சுவதையும் மனத்துக்கு இதமான காரியங்களாக ஆக்கியிருக்கின்றன. சொந்த நிலத்தில் தன் விருப்பப்படி பயிரிடுகிறவனுக்கு அந்த இதம் பொருந்தும். நிரையும் நிறையும் நேரமும் பிறர் கையில் இருந்த தோட்டத்து வேலையை அதே இதத்தோடு செய்வித்தால், அது நம் முன்னோருக்கு இழைக்கும் அநீதியாகும். மழை பெய்தால் பட்டை நனைந்து வெட்டு நின்றுவிடும், அன்றைய கூலியும் நின்றுவிடும்; தோட்டத்து ஆட்டத்தில் மழைச் சத்தம் ஆடுபவருக்குக் கவலையைத் தர வேண்டும். அதே சமயம் வேலையில் இருந்த தேர்ச்சியையும் பெருமையையும் மறைத்து, எல்லாவற்றையும் துன்பமாகவே காட்டினாலும் அது அரை உண்மையாகவே முடியும். பால் வெட்டு என்பது ஒரு சூட்சுமமான வித்தை. மெல்லிய சீவல் அளவே பட்டையை எடுக்க வேண்டும். சரிவு மாறினால் பால் கோட்டில் நில்லாமல் வழிந்து வீணாகும். கத்தி ஆழமாகப் போனால் உட்திசுவில் காயம் பட்டு மரம் கெடும்.

இத்தகைய ஆட்டத்தைச் செய்யும் ஆற்றல் நம் நாட்டில் இல்லாமலில்லை. 'ஃபைனல் ஃபேண்டசி' வரிசையின் 15ஆம் ஆட்டத்தில் நண்பர் நால்வர் இரவுதோறும் கூடாரமடித்துச் சமைத்து உண்பதை உலகமே ரசித்தது. அதன் உருவாக்கத்தில் பங்குகொண்ட மலேசியரான வான் ஹாஸ்மர், நாடு திரும்பிக் கோலாலம்பூர் வட்டாரத்தில் மெட்ரோனோமிக் நிறுவனத்தைத் தொடங்கி 2020இல் 'நோ ஸ்ட்ரைட் ரோட்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டார். பந்திங்கிலிருந்து வெகுதூரமில்லாத சைபர்ஜெயாவின் பல்கலைக்கழகத்தில் கணினிக் கலை பயிலும் பிள்ளைகளில் தோட்டத்துத் தமிழரின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அவர்களுக்குக் காலம் அதிகமில்லை. பெராங் பெசார் ரப்பர்த் தோட்டம் இருந்த இடத்தில் புத்ராஜெயா எழுந்துவிட்டது. நம் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனை வந்து பல காலமாகிறது, அதையும் வீடமைப்புத் திட்டங்கள் விழுங்கிக்கொண்டிருக்கின்றன. கத்தி பிடித்த கைகள் முதுமையடைந்துவிட்டன. அந்தப் பாட்டிகளிடம் போய் என்ன பாடுபட்டீர்கள் என்று மட்டும் கேட்டால், அவர்கள் பொதுவாகவே பதில் சொல்வார்கள். கத்தியை எந்தக் கோணத்தில் பிடித்தீர்கள், எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் இழுத்தீர்கள், விளக்கில்லாத இருட்டில் பழைய கோட்டை விரல் எப்படிக் கண்டுபிடித்தது, ஒட்டுப்பாலை உரித்து எங்கே போட்டுக்கொண்டீர்கள் என்று கேட்க வேண்டும். கையில் ஒரு கத்தியைக் கொடுத்து, செய்து காட்டச் சொல்லிப் படம் பிடிக்க வேண்டும். ஆட்டம் அமைப்பவருக்குத் தேவையானது இந்த விவரமே. சரியாக வெட்டிய இடத்தில் பட்டை சில ஆண்டுகளில் மீண்டும் வளர்ந்து இரண்டாம் வெட்டுக்குத் தயாராகும். ஆழமாக வெட்டிய இடத்தில் முண்டு விழுந்து, பின்னால் வருகிறவரின் கத்தியைத் தடுக்கும். முதல் அத்தியாயத்தில் தாயாக இருந்து அவசரத்தில் வெட்டிய ஆடுபவருக்கு, மூன்றாம் அத்தியாயத்தில் மகளாக அதே நிரையைக் கொடுத்தால், தாம் போட்ட முண்டிலேயே தம் கத்தி சிக்கும்.